நுனி இல்லாத முள்

மே 3
ஈச்சம் புதரை விலக்கும்போது வலது ஆள்காட்டி விரலின் நடு மூட்டில் குத்தியது. அங்கேயே பிடுங்கிவிட்டேன். ஒரு சொட்டு ரத்தம். சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று.

மே 4
கடைசியாக டெட்டனஸ் ஊசி எப்போது போட்டேன் என்று எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. மண் பட்ட ஆழமான காயம் என்றால் 5 வருஷம் தாண்டியிருந்தாலே போட வேண்டும். போட்டுக்கொண்டேன். இன்று விரலைவிடத் தோள்தான் வலிக்கிறது.

மே 6
பிடுங்கிய முள்ளைத் தாளில் மடித்து வைத்திருந்தேன். இப்போதுதான் பிரித்துப் பார்த்தேன். நுனி இல்லை.

மே 7
சின்னவன் காஞ்சொறியில் கையை விட்டுவிட்டான். முழங்கைவரை தடிப்புத் தடிப்பாக. "அம்மா எரியுது, எரியுது" என்று தேய்க்கப் போனவனின் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த இலையில் இருப்பதெல்லாம் ஊசி மாதிரி மயிர். தேய்த்தால் இன்னும் உள்ளே இறங்கும். ஒட்டும் டேப்பை அழுத்தி அழுத்தி உரித்தேன், பிறகு குளிர்ந்த தண்ணீர். சாயங்காலம் தடிப்பு அடங்கி விளையாடப் போய்விட்டான். அவனுக்கு வலிப்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

மே 12
வீக்கம் இல்லை. விரல் நன்றாக மடங்குகிறது. நுனி வெளியில்தான் எங்கோ ஒடிந்து விழுந்திருக்கும்.

மே 25
காலையில் விரல் மடங்கவில்லை. அதே மூட்டு.

மே 29
எக்ஸ்ரே எடுத்தார்கள். "ஒண்ணும் இல்லம்மா, வாதமா இருக்கலாம்" என்று மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். முள் குத்தியது என்று இரண்டு தடவை சொன்னேன். எக்ஸ்ரேயில் உலோகம் தெரியும், கண்ணாடி தெரியும். செடியின் முள் பெரும்பாலும் தெரியாது. இதை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரவில்லை.

ஜூன் 2
மணி மூன்று. தூக்கம் இல்லை. ஒடிந்த துண்டை உடம்பு கரைக்காது. அதன் துணுக்கு மூட்டுக்குள் கிடந்தால் மூட்டின் உள்சவ்வு தடித்து வீங்கிக்கொண்டே இருக்கும். அதற்குச் சீழோ காய்ச்சலோ இருக்க வேண்டியதில்லை. நடுவில் சில வாரம் ஒன்றும் இல்லாத மாதிரி இருந்துவிட்டுத் திரும்பி வருமாம். எனக்கு அப்படியே நடந்திருக்கிறது. வீட்டுக்காரரிடம் சொன்னால் "மாத்திரை முடியட்டும், பார்க்கலாம்" என்கிறார். முள்ளோடு பூஞ்சையும் உள்ளே போகலாம். அப்படியானால் சில வாரத்தில் கையில் வரிசையாகக் கட்டிகள் மேலேறும். தினமும் எழுந்ததும் முன்கையைத் தடவிப் பார்க்கிறேன். இன்றுவரை இல்லை.

ஜூன் 5
எருக்க மொட்டுகளை டப் டப்பென்று வெடித்துக்கொண்டிருந்தான் சின்னவன். விரலெல்லாம் பால். கண்ணைக் கசக்கக் கையைத் தூக்குவதற்குள் கத்தியே விட்டேன். பயந்து அழுதுவிட்டான். கத்தியிருக்கக் கூடாது. ஆனால் அந்தப் பால் கண்ணில் பட்டால் வலிக்காமலேகூடப் பார்வை மங்கும். வலிக்கவில்லையே என்று விட்டுவிடுவார்கள். கையைக் கழுவிக் கழுவி விட்டேன், அவன் போதும்மா என்று சொன்ன பிறகும்.

ஜூன் 6
மாத்திரை முடிந்தது. வீக்கம் அப்படியே.

ஜூன் 9
வேறு டாக்டர். முதல் கேள்வியே "ஏதாவது குத்திச்சா?" அல்ட்ராசவுண்டில் மூட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு. 4 மில்லிமீட்டர். திரையைக் காட்டினார். அங்கேயே அழுதுவிட்டேன். பயத்தில் இல்லை.

ஜூன் 11
நாளைக் காலை எடுக்கிறார்கள். விரல் மட்டும் மரத்துப்போக ஊசி போடுவார்களாம். எடுத்ததைக் கட்டாயம் என்னிடம் காட்ட வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். என்னிடம் இருக்கும் முள்ளோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும், முழுசாக வந்துவிட்டதா என்று. துளி தங்கினாலும் மறுபடி முதலிலிருந்து.

இரவு
தாளைக் காணோம். அலமாரியில் வைத்த மாதிரிதான் ஞாபகம்.