உயில் சாட்சிக்கு சம்மன் அனுப்பிய அனுபவம்

தாத்தாவின் உயில் பதிவான உயில். அதைக் கோர்ட்டில் கொடுத்தாலே போதும் என்றுதான் கோத்தகிரிப் பக்கம் பலரும் சொன்னார்கள். அது சரியில்லை. உயில் செல்லுவதற்குக் குறைந்தது இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும் என்கிறது 1925ஆம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63வது பிரிவு. அவர்களில் ஒருவராவது உயிரோடு, வரக்கூடிய நிலையில் இருந்தால், கூண்டில் ஏறிச் சொல்லியே ஆக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் இது 68வது பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தில் 67. பதிவு செய்த உயிலுக்கும் விலக்கு கிடையாது.

எங்கள் உயிலில் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவர் காலமாகிவிட்டார். மிச்சம் இருந்தவர், பக்கத்து எஸ்டேட்டில் மேஸ்திரியாக இருந்த பெரியவர். அந்த உயிலை வைத்து அம்மா வாதியாகப் போட்ட வழக்கு முழுக்க அவர் ஒருவரை நம்பித்தான் நின்றது.

சம்மன் இல்லாமலே சாட்சியை நாமே கூட்டிப்போகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் குறுக்கு விசாரணையில் "சம்மன் வராமலே வாதிக்காக வந்தீர்களா?" என்று கேட்பார்கள். வேண்டப்பட்டவர் என்று காட்டத்தான் அந்தக் கேள்வி. கோர்ட் அழைத்து வந்தேன் என்று அவர் சொல்ல முடிந்தால் அவருக்கும் மரியாதை, வழக்குக்கும் பலம். இதற்காகவே சம்மன் கேட்பது நல்லது என்பேன்.

வழக்கில் முடிவு செய்ய வேண்டிய கேள்விகளை, அதாவது எழுவினாக்களை, கோர்ட் வகுத்த பிறகு 15 நாளுக்குள் சாட்சிப் பட்டியல் கொடுக்க வேண்டும். அப்புறம் சம்மன் மனு, பேட்டா. சாட்சியின் போக்குவரத்துச் செலவும் ஒரு நாள் செலவும்தான் பேட்டா. அதைக் கோர்ட்டில் கட்டினால்தான் சம்மன் நகரும். படிவத்தை வக்கீல் குமாஸ்தா நிரப்பினார்: வழக்கு எண், கோர்ட், தேதி, நேரம், வாய்மொழி சாட்சியம் சொல்லவா, ஆவணம் கொண்டுவரவா என்ற விவரம். ஆவணத்துக்கு மட்டும் சம்மன் வந்தால் அந்த ஆள் நேரில் வர வேண்டியதில்லை, யாரிடமாவது கொடுத்தனுப்பினாலே போதும். சார்பதிவாளர் அலுவலகம் போன்ற இடத்திலிருந்து அசல் பதிவேட்டை வரவழைக்க, சான்று நகல் ஏன் போதாது என்று பிரமாணப் பத்திரம் போட வேண்டும்.

எல்லாவற்றையும் விட முக்கியம் முகவரி. உயிலில் இருந்தது எஸ்டேட் லைன் வீட்டு (தொழிலாளர் குடியிருப்பு) முகவரி. சம்மனைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கோர்ட் ஊழியரான அமீனா போய் விசாரித்துவிட்டு, ஆள் இடம் மாறிவிட்டார் என்று எழுதி சம்மனைத் திருப்பிவிட்டார். மலையில் கதவு எண்ணை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஒரே பெயரில் ஹட்டிக்கு (மலைக் கிராமத்துக்கு) நாலு பேர் இருப்பார்கள். அப்பா பெயர், மகன் பெயர், பக்கத்தில் என்ன கோயில், எந்த பஸ் ஸ்டாப் என்று எல்லாம் வேண்டும். பழைய லைன்காரர்களைக் கேட்டுக் கேட்டுத்தான், அவர் மகனோடு மேட்டுப்பாளையத்தில் இருப்பது தெரிந்தது.

மேட்டுப்பாளையம் கோவை மாவட்டம். அதனால் சம்மன் அந்த ஊர்க் கோர்ட் வழியாகப் போனது. தூரம் 100 கிலோமீட்டருக்குள் என்பதால் அவரை நேரில் வரச் சொல்லத் தடையில்லை.

அந்த இரண்டாவது சம்மன் போகும் முன் அம்மாவும் நானும் அவரைப் போய்ப் பார்த்தோம். கோர்ட் என்றதும் பயந்துபோனார். "எம் பையனுக்கு ஏதும் வராதே கண்ணு?" என்று கேட்டார். உங்கள் மேல் வழக்கு எதுவும் இல்லை ஐயா, அன்றைக்குக் கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும் என்றார் அம்மா. என்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் வாயே திறக்கவில்லை. முடியாத உடம்பாக இருந்தால் கோர்ட் நியமிக்கும் ஆணையர் வைத்து வீட்டிலேயே சாட்சியம் பதிவு செய்யக் கேட்கலாம் என்று வக்கீல் சொல்லியிருந்தார். அதையும் சொன்னோம். வேண்டாம், வருகிறேன் என்றார்.

சம்மன் கையில் கிடைத்தும் காரணமில்லாமல் வராதவருக்கு வாரண்ட், சொத்து ஜப்தி, 5,000 ரூபாய் வரை அபராதம் என்று வழி இருக்கிறது. வயதான மனிதரிடம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அம்மாவின் கட்டளை.

விசாரணை நாளில் மகனோடு பஸ் ஏறி வந்தார். தாத்தா கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன், அவர் எதிரிலேயே நானும் போட்டேன் என்றார். எதிர்பார்த்த கேள்வி வந்தது: யார் கூப்பிட்டு வந்தீர்கள்? சட்டைப் பையிலிருந்து சம்மனை எடுத்து நீட்டினார்.

இப்போது எதிர்த்தரப்பு சாட்சிக்கு வாய்தா போட்டிருக்கிறார்கள்.