கீழறைப் புகையை வெளியேற்றுதல்: இதுவரை செய்தவை

கொழும்பில் எங்கள் கொட்டாஞ்சேனை வீடு சரிவில் நிற்கிறது. முன்பக்கம் தெருமட்டம், பின்பக்கம் படியிறங்கினால் பாதி மண்ணுக்குள் ஓர் அறை. ஒரு காலத்தில் விறகும் அரிசி மூட்டையும் கிடந்த இடம், இப்போது என் பழைய வால்வ் ரேடியோக்களுக்கு. சோல்டர் வைப்பது (ஈயம் கலந்த கம்பியை உருக்கிப் பாகங்களை ஒட்டுவது), மரப்பெட்டிக்கு அரக்குப் பூசுவது எல்லாம் அங்கேதான். மேற்குச் சுவரில் ஒரேயொரு சின்ன யன்னல்.

சோல்டர் புகை என்றால் ஈயம் ஆவியாகிறது என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். சோல்டர் இரும்பின் 350 பாகை செல்சியஸ் சூட்டில் ஈயம் ஆவியாகாது. அது கொதிக்க 1,700 பாகைக்கு மேல் வேண்டும். ஈயம் விரலில் ஒட்டிச் சோற்றோடு உள்ளே போவதுதான் ஆபத்து, அதற்குச் சவர்க்காரம் போதும். வெள்ளையாக எழுவது சோல்டர் கம்பிக்கு நடுவே இருக்கும் ரொசின், அதாவது பைன் மரப் பிசின். தொடர்ந்து மூச்சில் போனால் அது ஆஸ்துமாவைக் கொண்டுவரலாம். உடம்பு ஒருமுறை அதை ஒவ்வாமல் எடுத்துக்கொண்டால், பிறகு கொஞ்சப் புகையே இருமவைக்கும்.

பழைய சோனகத் தெருவில் ஆறு அங்குல இன்லைன் பேன், அதாவது குழாயின் நடுவே பூட்டும் மின்விசிறி ஒன்று வாங்கினேன். பெட்டியில் போட்டிருந்தது நிமிடத்துக்கு 240 கன அடி. என் அறை 12க்கு 10 அடி, உயரம் 7, ஆக 840 கன அடி. மூன்றரை நிமிடத்தில் முழுக் காற்றும் மாற வேண்டும். அது குழாய் பூட்டாத பேனுக்கான கணக்கு. குழாயும் வளைவும் சேர்ந்தால் பாதி கிடைத்தாலே சந்தோஷம். அதனால்தான் நெளிவுக் குழாயை விட்டு 160 மில்லிமீற்றர் பிவிசி போட்டேன். திருப்பத்தில் ஒரு 90 பாகை முழங்கை வளைவுக்குப் பதில் இரண்டு 45 பாகைத் துண்டுகள்.

பேன் எவ்வளவு பெரிது என்பதைவிடக் குழாய்வாய் எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். மெழுகுதிரியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைக்க முடியாது. குழாய்வாயிலிருந்து அதன் விட்டமளவு தள்ளினாலே இழுப்பு ஏறக்குறைய பத்தில் ஒன்றாகிவிடும். சுவரில் இருக்கும் பேன் அறையைச் சுத்தமாக்கும், ஆனால் புகை முதலில் என் மூக்கைத் தொட்டுவிட்டுத்தான் அங்கே போகும். ஆகவே குழாயை மேசைவரை கொண்டுவந்து, நுனியில் பிளாஸ்டிக் வாளியொன்றைப் பாதியாக வெட்டி மூடிபோல் வைத்திருக்கிறேன். சோல்டர் வைக்கும் இடத்திலிருந்து ஒரு சாண்கூடத் தூரமில்லை. புகை இப்போது முகத்துக்கு வராமல் பக்கவாட்டில் சரிந்து உள்ளே ஓடுகிறது.

அப்புறம் உள்ளே வரும் காற்று. இதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. பேனைப் போட்டதும் படிக்கட்டுக் கதவு தானாக இழுத்துச் சாத்திக்கொண்டது. கதவைத் திறந்து இடுக்கில் ஊதுபத்தி பிடித்தால் புகை கம்பிபோல் நேராக உள்ளே பாய்ந்தது, சாத்தினால் மேசைப்பக்க இழுப்பும் தளர்ந்தது. வர வழியில்லாத காற்று போகவும் மாட்டாது. ஆறு அங்குலக் குழாயின் வாய் 28 சதுர அங்குலம் வரும், உள்வழி அதைப்போல் இரண்டு மடங்காவது வேண்டும். கதவின் அடிப்பலகையில் நீளமாக வெட்டித் திறப்பு வைத்தாயிற்று. காற்று படிப்பக்கம் புகுந்து, என் முதுகைக் கடந்து, மேசைக்குப் போகிறது. எழும் புகைக்கும் அதை இழுக்கும் பேனுக்கும் நடுவே நாம் நிற்காமலிருப்பதுதான் இதில் விஷயம்.

சுவரில் துளை போடுமுன் யன்னலுக்கு வெளியே ஒரு நூலைக் கட்டிப் பார்த்தேன். தென்மேற்குப் பருவக்காற்று நேரே மேற்குச் சுவரில்தான் மோதுகிறது. மே முதல் செப்டெம்பர் வரை அந்தப் பக்கம் ஊதுவது காற்றோடு மல்லுக்கட்டுவது. வடக்குச் சுவரைத் தேர்ந்தேன். பழைய கபுக் கல் (செம்புரைக்கல்), உளி வைத்தால் செங்காவிப் பொடியாக உதிர்கிறது, ஆனால் சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிப்பு. அந்தப் பக்கத்து வீட்டு அன்ரி சுவருக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"தம்பி, என்ர குசினிக்குள்ளயா ஊதப்போறீங்க?"

"இல்ல அன்ரி, மேல கொண்டுபோறன்."

சரி, சொன்னபடி அவருடைய யன்னலுக்கு மேலே கூரைவிளிம்பு வரை குழாயை ஏற்றினேன். உச்சியில் 'T' வடிவ இணைப்பு ஒன்று, அதன் இரு கைகளிலும் கீழ்நோக்கிய முழங்கை. மழை இறங்காது, காற்று எத்திசையில் அடித்தாலும் ஒரு கையாவது திறந்திருக்கும். கீழ் வளைவில் தண்ணீர் வடிய ஒரு சின்னத் துளையும் உண்டு.

லாக்கர் என்ற மினுக்குப் பூச்சை ஸ்பிரே பண்ணுவது மட்டும் இந்த அறையில் இல்லை. அதைக் கரைக்கும் தின்னரில் இருக்கும் டொலுயின் என்ற திரவத்தின் ஆவி காற்றைவிட மூன்று மடங்கு பாரம். அசையாத காற்றில் தரையோடு தேங்கும், ஒரு பொறி போதும் தீப்பிடிக்க. என் பேனின் மோட்டார் காற்றோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, பொறியைத் தடுக்கும் வகையும் அல்ல. ஸ்பிரே பின்முற்றத்தில், மழையில்லாத நாளில். கீழே தூரிகையால் அரக்குப் பூசுவதோடு சரி, அதுவும் டப்பியை மூடிவைத்து. கரண்ட் போனால் சோல்டர் இரும்பும் பேனும் சேர்ந்து நின்றுவிடும், அரக்கு மணம் நிற்காது. அப்போது மேலே வந்து தேநீர்தான்.

இப்போதைய தலைவலி நுளம்பு வலை. டெங்குக்குப் பயந்து கதவுத் திறப்பில் அடித்தேன், சீக்கிரமே தூசி பிடித்து இழுப்பைக் குறைக்கிறது. திறப்பைப் பெரிதாக்கி, வலையைக் கழற்றிக் கழுவும்படி ஒரு சட்டத்தில் பூட்டப்போகிறேன். மரம் அறுத்தாயிற்று, திருகாணிதான் வாங்க வேண்டும்.