11-ஆம் எண் பூட்ஸை என் காலுக்குப் பழக்கிய கதை

கடலூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை கிடைத்தபோது, வேலையைவிடக் காலணியை நினைத்துத்தான் நான் அதிகம் கவலைப்பட்டேன். நெல்லிக்குப்பத்துக் கரும்புக் கொல்லைகளில் வெறுங்காலோடு நடந்தே வளர்ந்த என் அப்பாவின் பாதம், விரல்களின் பக்கம் விசிறிபோல விரிந்திருக்கும். அந்தப் பாதம் அப்படியே எனக்கும் வந்துவிட்டது. நிறுவனம் கொடுக்கும் சேஃப்டி ஷூவில் 10-ஆம் எண்ணுக்கு மேல் இருப்பு இல்லை என்றும், அதே தரச்சான்று உள்ளதை வெளியில் வாங்கிக்கொண்டால் பணத்தைத் தந்துவிடுவதாகவும் சொன்னார்கள். பாண்டிச்சேரி நேரு வீதியில் கடை கடையாக ஏறி இறங்கி, கணுக்கால் வரை வரும் தோல் பூட்ஸ் ஒன்றை 11-ஆம் எண்ணில் வாங்கினேன். பாதுகாப்புக் காலணிகளுக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 15298 முத்திரை பெற்றது, விரல்களின் மேல் இரும்புக் கவசம் வைத்தது.

கடையில் போட்டுப் பார்த்தது காலை 11 மணிக்கு. நாள் முழுக்க நின்று நடந்த பாதம் மாலையில் சற்று வீங்கியிருக்கும் என்பதும், காலணியை மாலையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும் என்பதும் எனக்கு அப்போது தெரியாது. முதல் நாளே எட்டு மணி நேரம் போட்டுக்கொண்டு நின்றேன். வீட்டுக்கு வந்து கழற்றியபோது இடது சுண்டுவிரலின் அடி மூட்டில் கொப்புளம் உடைந்து, காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த எண்ணுக்கு மாற்றிவிடலாம் என்று அந்த வாரமே கடைக்குப் போனேன். 12-ஐப் போட்டால் சுண்டுவிரலுக்கு இடம் கிடைத்தது. ஆனால் நடக்கும்போது குதிகால் மேலெழும்பி உரசியது, பூட்ஸ் மடங்கும் இடமும் என் பாதம் மடங்கும் இடமும் வேறுவேறாக இருந்தன. நம் ஊரில் புழங்கும் பிரிட்டிஷ் அளவில் ஓர் எண் கூடினால் நீளம் மூன்றில் ஒரு பங்கு அங்குலம், அதாவது சுமார் 8.5 மில்லிமீட்டர் கூடும். எனக்கு வேண்டியதோ நீளம் அல்ல, ஒரே ஓர் இடத்தில் அகலம். இந்த வித்தியாசம் புரியாமல்தான் பெரிய பாதம் உள்ள பலரும் கால் நழுவும் காலணியோடு காலம் தள்ளுகிறார்கள் என்று நினைக்கிறேன். நானும் கல்லூரி முழுவதும் அப்படித்தான் நடந்தேன்.

ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தேங்காய் எண்ணெய் தடவச் சொன்னதைக் கேட்டுத் தடவினேன்; தோல் கறுத்து மெத்தென்று ஆனதே தவிர ஓர் இழை கூட விரியவில்லை, அடைமழைக் காலமாதலால் நான்காம் நாள் தையல் ஓரங்களில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிட்டது. பையில் தண்ணீர் நிரப்பி பூட்ஸுக்குள் வைத்து, ஃப்ரீசரில் உறைய வைத்தால் பனிக்கட்டி விரிந்து தோலைத் தள்ளும் என்றான் நண்பன். உறையும் தண்ணீர் ஏறக்குறைய 9 விழுக்காடு விரிவது உண்மைதான். ஆனால் இட்லி மாவு இருக்கும் பெட்டிக்குள் செருப்பு வருமா என்று அம்மா கேட்ட கேள்வியோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தின் அருகே செருப்பு தைக்கும் பெரியவர் ஒருவரிடம் போனபோதுதான் விஷயம் தெளிந்தது. பூட்ஸுக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீளத்துக்கு ஒண்ணும் பண்ண முடியாது. இரும்பு இருக்கிற எடமும் அசையாது. அதுக்குப் பின்னாடி தோல் இருக்குல்ல, அது கொடுக்கும். எங்க அழுத்துதுன்னு மொதல்ல கண்டுபுடிச்சிட்டு வாங்க" என்றார்.

கண்டுபிடிக்க அம்மாவின் குங்குமத்தைப் பயன்படுத்தினேன். வலிக்கும் மூட்டின் மேல், காலுறைக்கு வெளியே, தண்ணீரில் குழைத்த குங்குமத்தை அப்பி, பூட்ஸை மாட்டிப் பத்தடி நடந்து கழற்றினேன். உள்துணியில், இரும்புக் கவசத்தின் விளிம்புக்கு ஒரு விரற்கடை பின்னால், சிவப்பாக ஒரு பொட்டு விழுந்திருந்தது. ஒரு விரலை உள்ளே அதன் மேல் வைத்துக்கொண்டு, வெளியே நேர் எதிரே சாக்பீஸால் குறியிட்டேன். அதுவரை பூட்ஸ் முழுவதும் இறுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தொல்லை கொடுத்தது ஒரு ரூபாய் நாணயத்தளவு இடம்தான்.

பெரியவர் சொன்னபடி, கால் வடிவில் இரண்டாகப் பிளந்து திருகினால் விரியும் கட்டை ஒன்றை இணையத்தில் வாங்கினேன். அதன் பக்கங்களில் உள்ள துளைகளில் சிறு குமிழ்களைச் செருகினால், கட்டை விரியும்போது அந்த இடம் மட்டும் கூடுதலாகத் தள்ளப்படும். தண்ணீரையும் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டையும் சம அளவில் கலந்து, முதலில் கயிற்றுக்கு அடியில் வரும் நாக்குப் பகுதியின் அடியில் ஒரு சொட்டு வைத்து நிறம் போகவில்லை என்று உறுதிசெய்துகொண்டேன். பிறகு குறியிட்ட இடத்தை உட்புறமாக மட்டும் நனைத்தேன். ஸ்பிரிட் ஈரத்தைத் தோலுக்குள் சீக்கிரம் இறக்கிவிட்டு ஆவியாகிவிடும். ஈரமான தோலின் நார்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி இடம் மாறும்; இழுபட்ட நிலையிலேயே காய்ந்தால் அங்கேயே நிற்கும், ஈரத்தோடு கட்டையை உருவிவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். நான் முதல் தடவை அவசரப்பட்டு இரவே உருவியதால் ஒரு நாள் உழைப்பு வீணாயிற்று. குரோமியத்தில் பதனிட்ட தோல், மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலைவிட அதிகமாகச் சுருங்கித் திரும்பும். இப்போது வரும் காலணிகளின் மேல்தோல் பெரும்பாலும் குரோமியத் தோல்தான் என்பதால் நாலைந்து முறை திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருந்தது.

கட்டை தோலைத் தொட்டு நின்ற பிறகு ஒரு சுற்று, 24 மணி நேரம் கழித்து அரைச் சுற்று, அவ்வளவுதான். அதற்கு மேல் திருகினால் தையல் பல்லிளிக்கும். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டும் வழியை ஒரே ஒருமுறை முயன்றேன். அடிப்பாகம் பசையால் ஒட்டப்பட்டது, சூட்டில் இளகிவிடும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன். உள்ளட்டையை மெல்லியதாக மாற்றினால் இடம் கிடைக்குமே என்று பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டதற்கு, அந்த அட்டையோடு சேர்த்துத்தான் பூட்ஸுக்குச் சோதனை நடந்திருக்கிறது, தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். அது நியாயமான பதில்தான்.

கட்டை வேலை நடந்த 12 நாட்களும் பழைய ஷூவோடு அலுவலக அறை வேலையை மட்டும் பார்க்க அனுமதி வாங்கியிருந்தேன். அதன் பிறகு தடித்த காலுறையோடு முதல் நாள் வீட்டுத் திண்ணையில் இருபது நிமிடம், மறுநாள் கெடிலம் பாலம் வரை போய்த் திரும்பியது, மூன்றாம் நாள் அரை ஷிப்ட் என்று நேரத்தைக் கூட்டினேன். குதிகாலில் சிவக்கும்போதே பிளாஸ்திரி ஒட்டிவிட்டதால் மறுபடி கொப்புளம் வரவில்லை. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் இப்படி வலியை நம்பிப் பழக்கக் கூடாது. என் மாமாவுக்கு ஷூவுக்குள் புண் வந்தது மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது.

அளந்து பார்த்தபோது அந்த இடத்தில் 4 மில்லிமீட்டர் கூடியிருந்தது. இடது பூட்ஸின் ஓரத்தில் சுண்டுவிரல் மூட்டின் வடிவம் வெளியிலிருந்தே புடைப்பாகத் தெரிகிறது, பார்வைக்கு அழகில்லை. வலது பூட்ஸில் புறங்காலின் மேல் இன்னும் கொஞ்சம் இறுக்கம் இருக்கிறது. அந்த இடத்துக்கு நேரான ஒரு துளையை விட்டுவிட்டுக் கயிற்றைக் கோத்துச் சமாளித்துக்கொண்டிருக்கிறேன். மழை விட்டதும் பெரியவரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும்.