அன்பளிப்புப் பதிவேட்டில் ஒரு நாவல்

5 ஜூலை 2024, வெள்ளி

வெள்ளிக்கிழமை நான் வேலை பார்க்கும் நூலகத்துக்கு விடுமுறை, நாவலுக்கு வேலை நாள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். இன்று இட்லி மாவு, கரண்ட் பில் எல்லாம் போக நாவலுக்கு மிஞ்சியது நாலு வரி. அதிலும் இரண்டை அடித்துவிட்டேன்.

அமெரிக்க எழுத்தாளர் பெவர்லி கிளியரியை நினைத்துக்கொண்டேன். யாக்கிமா என்ற ஊரில் அவர் குழந்தைகள் நூலகராக இருந்தபோது, "எங்களை மாதிரிப் பசங்க வர்ற புத்தகம் எங்கே?" என்று பையன்கள் கேட்டார்களாம். அலமாரியில் அப்படி எதுவும் இல்லை. பல வருடம் கழித்து, குடிபோன வீட்டில் டைப் அடிக்கும் காகிதக் கட்டுகள் கிடைத்தன. "இனி எழுத வேண்டியதுதான். ஆனால் இந்த வீட்டில் சீவிய பென்சில் ஏது?" என்று கணவரிடம் சொல்லியிருக்கிறார். மறுநாளே கணவர் ஒரு ஷார்ப்னர் வாங்கி வந்துவிட்டார்! 1950-இல் முதல் புத்தகம் வெளிவந்தது.

என் மேசையில் ஐந்து பென்சில், ஐந்தும் சீவியவை. அந்தச் சாக்கும் எனக்கு இல்லை.

9 ஜூலை, செவ்வாய்

இருப்புச் சரிபார்ப்பு ஆரம்பம். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு 894.8113 வரிசையில் உட்கார்ந்தேன். புத்தகங்களை வகை பிரித்து எண் போடும் டூயி முறையில் தமிழ் நாவல்களுக்கான எண் அது. தடித்தடியான சரித்திர நாவல்களில் தேதிச் சீட்டின் மேல் சீட்டு ஒட்டி, நாலு அடுக்கு ஏறியிருக்கிறது. பக்கத்திலேயே, வந்த நாளிலிருந்து ஒரு முத்திரைகூட விழாதவை. அட்டை மட்டும் புதுசு.

என் முதல் நாவலும் அங்கேதான். நானே அன்பளிப்புப் பதிவேட்டில் ஏற்றினேன். கொடுத்தவர் பெயர் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரைப் போட்டேன், கூச்சம். ஆறு வருடத்தில் மூன்று முத்திரை. அதில் ஒன்று என் தங்கை.

மற்ற எழுத்தாளர்களுக்கு இதெல்லாம் கண்ணில் படாது. தினமும் அந்த வரிசையைத் தூசி தட்டுகிறவளுக்கு அடுத்த நாவல் எழுதக் கை எப்படி ஓடும்?

17 ஜூலை, புதன், ஆடி 1

ஓய்வு பெற்ற தபால்காரர் ஐயா அந்தப் புத்தகத்தை எடுத்து வந்து மேசையில் வைத்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"ஏம்மா, உன் பேரேதான் இந்தப் பொண்ணுக்கும். இனிஷியல்கூட அதே."

"அப்படியா ஐயா" என்று முத்திரை குத்திக் கொடுத்தேன். கோணலாக விழுந்துவிட்டது.

அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹெஸ் புவெனஸ் அய்ரஸில் ஒரு நகராட்சிக் கிளை நூலகத்தில் சின்ன வேலையில் இருந்தார், 1938 முதல் 1946 வரை. கூட வேலை பார்த்தவர் ஒரு கலைக்களஞ்சியத்தில் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ் என்ற பெயரைப் பார்த்துவிட்டு, பெயரும் பிறந்த தேதியும் அச்சாக ஒத்துப்போகிறதே என்று இவரிடமே வந்து ஆச்சரியப்பட்டாராம். (நாவல் எழுதாத மனுஷர், இருந்தாலும் எங்கள் ஜாதி.) அவருக்குக் கலைக்களஞ்சியம், எனக்கு அன்பளிப்புப் பதிவேடு.

19 ஜூலை, வெள்ளி

ஒரு வரியும் வரவில்லை. ஆங்கிலக் கவிஞர் பிலிப் லார்கின் 1943 டிசம்பரில், 21 வயதில், இங்கிலாந்தில் வெல்லிங்டன் என்ற சிற்றூர் நூலகத்துக்கு ஒற்றை ஆளாகப் போனார். கொதிகலனுக்குத் தீ மூட்டுவதும் அவர் வேலைதான். அங்கே இருந்துகொண்டே, நூலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்ணை நாயகியாக்கி நாவல் எழுதினார். அது 1947-இல் வந்தது, அவருடைய இரண்டாவது. மூன்றாவது எத்தனையோ முயன்றும் முடியவில்லை. அப்புறம் கவிதைதான், கூடவே சாகும்வரை நூலகர் வேலை.

எனக்குக் கவிதையும் வராது.

30 ஜூலை, செவ்வாய்

தபால்காரர் ஐயா தவணைக்கு ஒரு நாள் முன்னதாகவே புத்தகத்தைக் கொண்டுவந்துவிட்டார். வழக்கம்போலப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அங்கங்கே பென்சில் கோடு. ஓரிடத்தில், ஆடி மாசம் வேப்பம்பூ உதிர்ந்துகிடந்தது என்று நான் எழுதிய வரிக்குப் பக்கத்தில், மணியார்டரில் எழுதிய அதே குண்டெழுத்து: "ஆடியில் பூ ஏது? பழம்தான்."

"புத்தகத்துல எழுதக் கூடாது ஐயா."

"தப்புதாம்மா. ஆனா எழுதின பொண்ணு வேப்பமரத்தடியில நின்னதே கிடையாதுபோல."

அவர் போனதும் ரப்பரை எடுத்துக் கோடுகளை அழித்தேன். அந்தக் குறிப்பை மட்டும் விட்டுவிட்டேன்.

சாயங்காலம் பூட்டிவிட்டு வெளியே வந்தால், வாசல் வேப்பமரத்தடியில் ஸ்கூட்டி சீட்டு முழுக்கப் பழம் நசுங்கி ஒட்டிக் கிடந்தது. ஆடி பிறந்ததிலிருந்து தினமும் இதே வேலை. டிக்கியிலிருந்து துணியை எடுத்துத் துடைத்தேன்.