உப்புக் காற்றில் கெட்ட கார் ரிமோட் சாவி: கழுவி, கூடு மாற்றிய அனுபவம்

இராமேசுவரத்துக்கு அருகே மண்டபம் என்ற ஊரில் எங்கள் வீட்டுக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் நடந்து எட்டும் தொலைவில் இருப்பதால், கச்சான் வீசும் மாதங்களில் தென்கடலிலிருந்தும் வாடை வீசும் மாதங்களில் வடகடலிலிருந்தும் ஆண்டு முழுவதும் உப்புக் காற்று வந்துகொண்டே இருக்கும். சன்னல் கம்பியும் மிதிவண்டிச் சங்கிலியும் துருப்பிடிப்பது எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால், சட்டைப் பையில் கிடக்கும் கார் சாவிக்கும் அதே கதி நேரும் என்று நான் எண்ணியதில்லை.

என்னுடையது எட்டு ஆண்டு பழைய காரின் மடக்குச் சாவி. பூட்டவும் திறக்கவும் இரண்டு பட்டன்கள். சென்ற மார்கழியில் திறக்கும் பட்டன் மந்தமாகி, கதவருகே நின்று நான்கைந்து முறை அழுத்தினால்தான் வேலை செய்யும் என்ற நிலை வந்தது. சி.ஆர். 2032 வகைப் பட்டன் செல்லை மாற்றினேன், சரியானது. ஒன்றரை மாதத்தில் அந்தச் செல்லும் தீர்ந்தது. தரக்குறைவான செல்லாக இருக்கும் என்று கருதி வேறு கடையில் வாங்கிப் போட்டேன். அதுவும் ஏறக்குறைய அதே நாள் கணக்கில் ஓய்ந்தது. ஓரிரு ஆண்டுகள் உழைக்க வேண்டிய செல் இரண்டு முறை ஒரே கால அளவில் தீர்ந்தால், குறை செல்லில் இல்லை, சாவிக்குள்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாவது செல்லை நேரடியாகப் பொருத்தாமல், மல்டிமீட்டரை மில்லிஆம்பியர் அளவில் வைத்துச் செல்லுக்கும் சாவிக்குள் இருக்கும் மின்சுற்றுப் பலகைக்கும் நடுவே தொடராக இணைத்தேன். எந்தப் பட்டனையும் தொடாத நிலையில் 0.2 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பார்க்கச் சிறிய எண்தான். ஆனால் இந்தச் செல்லின் கொள்ளளவு ஏறத்தாழ 220 மில்லிஆம்பியர்-மணி. வகுத்தால் 1100 மணி நேரம், அதாவது 46 நாள். என் ஒன்றரை மாதக் கணக்கு அப்படியே வந்து பொருந்தியதைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

பலகையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது காரணமும் தெரிந்தது. பட்டன்களின் மேல் இருந்த ரப்பர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அதன் வழியே புகுந்த வியர்வையும் உப்பு ஈரமும், செல்லின் நேர்முனைத் தகட்டுக்கும் பக்கத்துச் செம்புத் தடத்துக்கும் நடுவே பச்சைக் களிம்பாகப் படிந்திருந்தன. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஈரமான உப்பு மின்சாரத்தைக் கடத்தும். இரவும் பகலும் அந்தப் படலத்தின் வழியேதான் செல் கசிந்துகொண்டிருந்தது.

கழுவுவதில் முதலில் ஒரு தவறு செய்தேன். ஐசோபுரோப்பில் ஆல்கஹாலில் தூரிகையை நனைத்துத் தேய்த்தேன். களிம்பு ஓரளவு போனது, கசிவோ பாதிதான் குறைந்தது. உப்பு அந்த ஆல்கஹாலில் கரையாது, நீரில்தான் கரையும் என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். பிறகு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு தண்ணீரில் பலகையை இரண்டு முறை அலசி, தங்கிய நீரை வெளியேற்ற மட்டும் ஆல்கஹாலைப் பயன்படுத்தி, ஒரு நாள் முழுவதும் உலரவிட்டேன். குழாய்த் தண்ணீர் எங்கள் ஊரில் இதற்கு ஆகாது. அதிலேயே உப்பு இருக்கிறது. உலர்ந்த பின் அளந்தபோது மீட்டர் 1 மைக்ரோஆம்பியருக்கு மேல் காட்டவில்லை.

திறக்கும் பட்டனின் சுவிட்ச் உள்ளுக்குள்ளேயே அரித்துப் போயிருந்ததால் அதை மாற்றினேன். சுவிட்சைப் பலகையோடு பிணைத்திருந்த பழைய ஈயமற்ற பற்று எளிதில் இளகாது என்பதால், 183 பாகை செல்சியஸில் உருகும் 63/37 பற்றை (63 பங்கு வெள்ளீயம், 37 பங்கு ஈயம்) சிறிது அதன்மேல் சேர்த்து இளக்கிய பிறகே சுவிட்ச் தடத்தைப் பிய்க்காமல் கழன்றது.

சாவியின் வெளியுறையான கூட்டைப் புதிதாக இராமநாதபுரம் அரண்மனைப் பகுதியில் சாவி வெட்டும் ஒரு பெரியவரிடம் வாங்கினேன். பழைய சாவியைக் கையில் கொண்டு போனது நல்லதாயிற்று. வெளியிலிருந்து பார்க்க ஒன்றாகவே தெரிந்த மூன்று கூடுகளில், ஒன்றில்தான் பலகை அமரும் பள்ளம் சரியாக இருந்தது. “தம்பி, பழைய கூட்டுக்குள்ள சிப்பு ஒண்ணு தனியா இருக்கும், பாத்து எடுத்துக்கங்க. அத விட்டுட்டீங்கன்னா வண்டி ஸ்டார்ட் ஆகாது” என்று அவர் சொன்னதுதான் இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த பெரிய உதவி. அரிசிமணியை விடச் சற்றுப் பெரிய அந்தக் கரிய சில்லு, பலகையில் இல்லாமல் கூட்டின் மூலையில் பசையிட்டு ஒட்டப்பட்டிருந்தது. அதற்குச் செல் தேவையில்லை. சாவித் துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் 125 கிலோஹெர்ட்ஸில் தரும் ஆற்றலிலேயே விழித்துத் தன் குறியீட்டைச் சொல்லும். கதவுகளுக்கான ரிமோட் அலை வேறு, என்ஜினுக்கு அனுமதி தரும் இந்தச் சில்லு வேறு. சில கார்களில் இது பலகையிலேயே இருப்பதால், திறந்து பார்க்காமல் எதையும் எறியக் கூடாது.

ஒட்டுவதற்கு முன் சில்லில்லாமல் ஒருமுறை முயன்றேன். எச்சரிக்கை விளக்கு மின்னியது, என்ஜின் ஓடவில்லை. சில்லைச் சாவித் தலையருகே பிடித்துத் திருப்பியதும் ஓடியது. பழைய பலகையையும் சில்லையுமே பயன்படுத்தியதால் காருடன் மீண்டும் பதிவு செய்யும் தேவை எழவில்லை. சாவி அலகை, அதாவது பூட்டில் நுழையும் உலோகப் பகுதியை, பிடித்திருக்கும் ரோல் பின்னைத் தட்டி எடுத்துப் பழைய அலகையே புதிய கூட்டுக்கு மாற்றியதால், புதிதாக வெட்டவும் வேண்டியிருக்கவில்லை. கூட்டின் இணைப்பு விளிம்பில் மட்டும் சிலிக்கோன் கிரீஸை மெல்லிய கோடாகப் பூசி மூடினேன்.

இதற்கிடையே மற்றொன்றும் தெரிந்தது. ரிமோட் இறந்திருந்த நாளில் சாவியால் கதவைத் திறக்க முயன்றபோது, ஆண்டுக்கணக்கில் தொடாமல் விட்ட கதவுப் பூட்டே இறுகிக் கிடந்தது. இப்போது அதில் கிராஃபைட் தூள் இட்டு, வாரத்துக்கு ஒருமுறை சாவியாலேயே திறக்கிறேன்.

செல் பொருத்தி இன்றோடு 98 நாள். ஓய்வில் 3.1 வோல்ட், பட்டனை அழுத்தும்போது 2.9 வோல்ட். புதிய கூட்டின் மடக்கு மூட்டில் அலகு சற்று ஆடுகிறது. அதனுடன் வந்த பின் மெல்லியதாக இருக்கிறது. எடுத்து வைத்திருக்கும் பழைய பின்னை இந்த வாரம் பொருத்திப் பார்க்க வேண்டும்.