ராகு காலம் முடிந்து பத்திரிகையாளர் சந்திப்பு

மக்கள் தொடர்பு நிறுவனத்தில் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கிறேன் என்று சொன்னதும் வீட்டில் ஆளுக்கொரு வேலையை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். பெரியப்பாவைப் பொறுத்தவரை நான் ஆட்சியர் அலுவலகத்தில் அமர்ந்து அமைச்சர் நிகழ்ச்சிகளுக்குக் குறிப்பு எழுதும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். ஓய்வூதியம் உண்டா என்று மட்டும் கேட்டார். பாட்டிக்கு பி.ஆர்.ஓ. என்றால் சினிமாதான். அவரைக் குறை சொல்லவும் முடியாது. 1958இல் ‘நாடோடி மன்னன்’ படத்துக்கு ‘பிலிம் நியூஸ்’ ஆனந்தன் அந்த வேலையைப் பார்த்த நாளிலிருந்து தமிழ்ப் படங்களின் பெயர் வரிசையில் அந்த மூன்றெழுத்து ஒட்டிக்கொண்டிருக்கிறது.

“எந்த நடிகருக்கு?” என்றார் பாட்டி.

“கிரைண்டருக்கு” என்றேன்.

நுங்கம்பாக்கத்தில் ஒரு மாடியில் இயங்கிய அந்த நிறுவனத்துக்குப் பல் மருத்துவமனை, அடுக்குமாடி கட்டுபவர்கள், தனியார் கல்லூரி என்று வாடிக்கையாளர்கள் பலர் உண்டு. ஆனால் 2022இல் நான் அங்கே பயிற்சியில் இருந்த காலத்தின் பெரும்பகுதியை விழுங்கியது கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு கிரைண்டர் நிறுவனம். புதிய மாடல் ஒன்றைச் சென்னையில் அறிமுகப்படுத்த வேண்டும். பத்திரிகையாளர்களை அழைத்து, செய்திக் குறிப்பைக் கையில் கொடுத்து, மறுநாள் வந்ததை வெட்டி ஒட்டி அனுப்பிவிட்டால் முடிந்தது. கேட்பதற்கு ஒரு வாரத்து வேலை.

இதழியல் வகுப்பில் செய்திக் குறிப்பு என்றாலே அமெரிக்க மக்கள் தொடர்பாளர் ஐவி லீயிடமிருந்துதான் தொடங்குவார்கள். 1906இல் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் விபத்து நடந்தபோது, மூடி மறைக்காமல் நடந்ததை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுக்கும்படி பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்கு அவர் சொன்னார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே அச்சிட்டது. கூடவே தலைகீழ்ப் பிரமிடையும் கற்றுக்கொடுப்பார்கள். முக்கியமானது மேலே, மற்றதெல்லாம் கீழே. உதவி ஆசிரியர் இடமில்லாதபோது கீழிருந்துதான் வெட்டுவார். இவற்றை நம்பி, கிரைண்டரின் பெயர், கொள்ளளவு, விலை, கிடைக்கும் நாள் என்று கச்சிதமாக எழுதிக் கோயம்புத்தூருக்கு அனுப்பினேன். எங்கள் குழுத் தலைவி அதைப் படித்துவிட்டு, “நன்றாக இருக்கிறது. கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்” என்றார். எதற்குக் ‘கடைசியாக’ என்று அப்போது விளங்கவில்லை.

திரும்பி வந்த கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்துகள் அரைப்புள்ளியும் காற்புள்ளியுமாக இறைந்து கிடந்தன. முதலாளியின் அலுவலகத்தில் இன்னும் பாமினி எழுத்துருதான். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் ‘தமிழ்’ என்ற சொல் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்றுதான் தெரியும். தனி எழுத்துரு தேடாமல் எந்தக் கணினியிலும் படிக்க முடிகிற யூனிகோடுதான் இனி என்று தமிழக அரசு 2010இலேயே ஆணையிட்டுவிட்டது. அந்த ஆணை பேரூர் சாலையில் எங்கோ சிக்கிக்கொண்டிருக்க வேண்டும். எழுத்துருவை மாற்றிப் பார்த்தபோது முதல் பத்தி இப்படித் தொடங்கியது: “கொங்கு மண்ணின் தவப்புதல்வரும், கல்விக் காவலரும், முன்னணித் தொழிலதிபரும், ஆன்மிகச் செம்மலுமான…” மூச்சு வாங்கிக்கொண்டு கீழே போனால், இரண்டாம் பத்தியில் அவர் தந்தை, மூன்றாவதில் திருப்பணி செய்த கோயில், நான்காவதில் மைத்துனரும் நிறுவன இயக்குநருமானவரின் வெளிநாட்டுப் பயணங்கள். கிரைண்டர் ஏழாவது பத்தியில் எட்டிப் பார்த்தது. விலை, தொலைபேசி எண்ணுக்குக் கீழே.

வெட்டினேன். குழுத் தலைவி இன்னும் வெட்டினார். கோயம்புத்தூரில் மீண்டும் சேர்த்தார்கள். பொங்கலுக்கு அடுப்பில் வைத்த பானையைப் போல அந்த முதல் பத்தி எங்கே அமுக்கினாலும் இன்னொரு பக்கம் பொங்கியது. ஒருவழியாகத் தவப்புதல்வரையும் செம்மலையும் விட்டுக்கொடுத்தார்கள். ‘முன்னணி’யை மட்டும் விடவில்லை. அதில் அவர்களைச் சொல்லிப் பயனில்லை. என் மேசைக்கு வந்த எந்தக் குறிப்பிலும் பின்னணியில் இருந்த நிறுவனம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாரும் முன்னாலேயே நின்றால் வரிசை எங்கே என்று கேட்கக் கூடாது.

அடுத்தது நாள் குறிப்பது. ஆடியில் வேண்டாம் என்றார் முதலாளி, சரி. ஆவணி பிறந்து வெள்ளிக்கிழமை என்றார், அதுவும் சரி. பதினொரு மணிக்கு வைக்கலாம் என்று தொலைபேசியில் சொன்னேன். மறுமுனையில் சற்று நேரம் பேச்சே இல்லை.

“அம்மணி, வெள்ளிக்கிழமை பத்தரை முதல் பன்னிரண்டு வரை ராகு காலம். எங்கள் வீட்டில் அடுப்புகூடப் பற்றவைக்க மாட்டோம். ஒன்பதரைக்கு வைத்துவிடுங்கள்.”

ஒன்பதரைக்குச் சென்னையில் ஒரு நிருபரும் வரமாட்டார். முந்தைய இரவு பக்கம் முடியும்வரை அலுவலகத்தில் இருந்தவர்கள் அவர்கள். பதினொரு மணி என்பது யாரோ ஆசைப்பட்டு வைத்த நேரமன்று. வந்து சேர்ந்து, கேட்டு, மாலைப் பத்திரிகைக்குத் தொலைபேசியில் சொல்லி, தொலைக்காட்சியின் மதியச் செய்திக்குக் காட்சியை அனுப்பி, பிற்பகல் வேறு வேலைக்கு ஓட வசதியான நேரம் அதுதான். பன்னிரண்டேகாலுக்கு வைத்தால் மாலை நாளிதழ்கள் அச்சுக்குப் போய்க்கொண்டிருக்கும். இதையெல்லாம் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார்.

“மாலைப் பத்திரிகை போனால் போகட்டும் அம்மணி. ராகுவைப் பகைத்துக்கொள்ள முடியாது.”

பன்னிரண்டேகால் என்று முடிவாயிற்று. அதனால் தேநீர், பிஸ்கட்டோடு முடியவேண்டியது முழுச் சாப்பாடாக மாறி, ஓட்டல்காரர் ரசீது ராகுவின் பங்கையும் சேர்த்து வந்தது.

அழைப்பை மின்னஞ்சலில் அனுப்பியபின், “வந்ததா சார்?” என்று ஒவ்வொருவராகக் கேட்பது பயிற்சியாளரின் தலையெழுத்து. நிருபர்களுக்கு உலகிலேயே பிடிக்காத கேள்வி இது என்பது இரண்டாவது அழைப்பிலேயே தெரிந்துவிடும்; கேட்காமல் இருந்தால் மின்னஞ்சலை ஒருவரும் திறக்கமாட்டார்கள் என்பது மூன்றாவதில். என்னிடம் தரப்பட்ட ஊடகப் பட்டியலும் பழையது. வணிகச் செய்தியாளர் என்று இருந்தவர் சினிமா பகுதிக்குப் போயிருந்தார். இன்னொருவர் ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் குடியேறியிருந்தார். நியாயமாக எரிந்து விழுந்திருக்க வேண்டியவர் இவர்தான். ஆனால் கிரைண்டர் என்றதும் உற்சாகமாகிவிட்டார். கல் எந்தக் குவாரியிலிருந்து வருகிறது, தேய்ந்தால் கொத்திக்கொடுக்க ஆள் இருக்கிறார்களா, உளுந்து சூடேறாமல் அரைபடுமா என்று விடாமல் கேட்டார். அந்தக் கிரைண்டரைப் பற்றி, கிரைண்டர் என்ற முறையில் கேள்வி கேட்ட ஒரே பத்திரிகையாளர் அவர். எழுதுவதற்குத்தான் அவருக்குப் பத்திரிகை இல்லை.

விழாவுக்கு முந்தைய நாட்களில், நிருபர்கள் கேட்டால் எடுத்துக் கொடுக்க ஒரு பின்னணிக் குறிப்பு தயாரிக்கச் சொன்னார்கள். கிரைண்டரின் பின்னணியில் என்ன இருக்கப்போகிறது என்று அலுப்போடுதான் உட்கார்ந்தேன். கோவை வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு இருப்பதை எழுதினேன். பிறகு ஜி.எஸ்.டி. வரலாற்றில் கைவைத்தபோது நேரம் போனதே தெரியவில்லை. 2017 ஜூலையில் வரி வந்தபோது கல் கிரைண்டருக்கு 28 சதவீதம். அதே ஆண்டு நவம்பரில் கவுகாத்தியில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் 28இலிருந்து நேராக 12 சதவீதத்துக்குக் குறைத்த பட்டியல் மிகச் சிறியது. அதில் ஒன்று கல் கிரைண்டர். மற்றொன்று, ராணுவ டாங்கிகளும் கவச வாகனங்களும். 2019இல் கிரைண்டருக்கு மட்டும் 5 சதவீதமாக்கினார்கள். நான் உட்கார்ந்து இதைத் தொகுப்பதற்குச் சில வாரங்கள் முன்னால், 2022 ஜூலை 18 முதல், ஒரே தாவலில் 18.

டாங்கியைப் பார்த்ததும் குழுத் தலைவிக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் அந்தத் தாளை எடுத்துத் தனியே வைத்துவிட்டார். “புது மாடல் அறிமுகத்தில் வரிப் பேச்சு எதற்கு? கவனம் சிதறிவிடும்.”

தியாகராய நகர் ஓட்டலில், ராகு விலகிய வெள்ளிக்கிழமை. முதலாளி வீட்டுச் சமையல்காரர் முந்தைய இரவு சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி வந்திருந்தார். அவருடன் ஊறவைத்த உளுந்து ஒரு தூக்கில், சிறுவாணித் தண்ணீர் இரண்டு கேனில். சென்னைத் தண்ணீர் விட்டு அரைத்தால் மாவின் பெயர் கெட்டுவிடுமாம். இதைச் செய்திக் குறிப்பில் சேர்க்கவில்லை. சென்னைப் பதிப்பில் அச்சேறினால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

மேசைமேல் ஒவ்வொரு தொலைக்காட்சியும் தன் சின்னம் பொறித்த மைக்கைக் கொண்டுவந்து வைக்க வைக்க, உயரம் சற்றுக் குறைந்த முதலாளியின் நெற்றிக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை. நாற்காலியில் இரண்டு மெத்தைகள் போட்டோம். அவர் பேசத் தொடங்கியதும் மைத்துனர் கிரைண்டரை ஓடவிட்டார். சத்தமே வராத மாடல் என்பதுதான் அதன் சிறப்பு. வெறும் கிரைண்டருக்குச் சத்தமே இல்லைதான். உள்ளே கிடந்த உளுந்துக்கு அப்படி ஓர் உத்தரவாதத்தை யாரும் கொடுத்திருக்கவில்லை. ஒளிப்பதிவாளர்கள் கையைக் காட்ட, நிறுத்தினார்கள். புகைப்படம் எடுக்கும் நேரம் வந்ததும் மைத்துனர் நடுவில் வந்து, மோதிரங்கள் அணிந்த கையைக் கிரைண்டர்மேல் ஊன்றிக்கொண்டு நின்றார். இடமிருந்து வலமாகப் பெயர்களை நான் எழுதிக்கொண்டேன்.

கேள்வி நேரம். ஆங்கில நாளிதழ் ஒன்றின் வணிகச் செய்தியாளர் எழுந்து, “வரி 18 சதவீதமாகிவிட்டதே, தொழில் எப்படி இருக்கிறது?” என்றார். அவ்வளவுதான். தவப்புதல்வர், செம்மல் எல்லாம் உதிர்ந்து, சிறுதொழில் பட்டறைகளுக்குக் கல்லும் மோட்டாரும் கடனில் வாங்கிக் கொடுத்து வளர்ந்த ஒரு மனிதர் மெத்தைமேல் நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்தப் பட்டறை ஆள் குறைக்கிறது, எந்த உதிரிப் பாகத்துக்கு என்ன வரி, பழைய விலையில் முன்பணம் வாங்கிய கடைக்காரர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று தாள் இல்லாமல் பேசினார். அத்தனை நாள் அவருடைய புகழ்மாலையை வெட்டிக்கொண்டிருந்த எங்களுக்கு அவர் இப்படிப் பேசுவார் என்றே தெரியாது. யாரும் அவரிடம் கேட்டதில்லை. குழுத் தலைவி என்னைத் திரும்பிப் பார்த்தார். தனியே வைத்த தாள் ஐந்து நிமிடத்தில் ஓட்டல் வரவேற்பறையில் நகலெடுக்கப்பட்டு எல்லார் கைக்கும் போயிற்று. முதலாளியும் ஒன்றை வாங்கிப் படித்து, “டாங்கியோடு சேர்த்து எங்களுக்கும் குறைத்தார்கள். இப்போது எங்களை மட்டும் போருக்கு அனுப்பிவிட்டார்கள்” என்றார்.

மறுநாள் வந்தது அந்த வரிதான். புதிய மாடலின் பெயர் எங்கும் இல்லை. விலையும் இல்லை. வரி உயர்வால் கிரைண்டர் தொழில் திணறுகிறது என்று மூன்று பத்தி அகலத்தில் செய்தி, நடுவே முதலாளியின் பேச்சு. என்னைக் கேட்டால், அந்த அறையில் இருந்த ஒரே செய்தி அதுதான்; வந்தவர்கள் சரியாகப் பொறுக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அதற்குமேல் என் வேலை ஸ்கேலோடு. வந்த செய்தியின் நீள அகலத்தை அளந்து, அதே இடத்துக்கு விளம்பரக் கட்டணம் எவ்வளவோ அதை எழுதி, விளம்பரத்தைவிடச் செய்திக்கு மதிப்பு அதிகம் என்று மூன்றால் பெருக்க வேண்டும். இந்தக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பைக் காட்டாது என்று 2010இல் பார்சிலோனாவில் உலகளாவிய மாநாடு கூடி அறிவித்ததைத் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். குழுத் தலைவிக்கும் தெரியும். “பார்சிலோனாக்காரர்களா நமக்குப் பணம் தருகிறார்கள்? அளந்து போடு” என்றார். மாடலின் பெயரே வராத செய்தியை எப்படிக் கணக்கில் சேர்ப்பது என்ற என் கேள்விக்கு, தலைப்போடு சேர்த்து அளக்கும்படி பதில் கிடைத்தது.

முதலாளிக்கு மகிழ்ச்சிதான். உற்பத்தியாளர்கள் பலர் அழைத்துப் பாராட்டினார்களாம். சிக்கல் அவர் மனைவியிடமிருந்து வந்தது. ஒரு தமிழ் நாளிதழ் படத்தைப் போட்டிருந்தது. இடம் போதாததால் ஆட்களை வெட்டிவிட்டு, கிரைண்டரையும் அதன்மேல் இருந்த கையையும் மட்டும் வைத்திருந்தார்கள். மோதிரங்கள் நன்றாகவே தெரிந்தன.

“அந்தக் கை என் தம்பியுடையது. பெயர் போடவில்லையே?” என்றார் அம்மையார்.

நாளிதழில் இனி ஒன்றும் செய்ய முடியாது, நாங்கள் தொகுக்கும் அறிக்கையிலாவது போட்டுவிடலாம் என்று குழுத் தலைவி சமாதானம் சொல்லி, படத்துக்குக் கீழே சேர்க்கவேண்டிய வரியை எனக்குச் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன்: “புதிய கிரைண்டருடன் நிறுவன இயக்குநரின் வலது கை.” இருவரும் சிரிக்காமல்தான் அனுப்பினோம்.

பயிற்சியின் கடைசி நாள் அது. அந்த அலுவலக வழக்கப்படி என் சான்றிதழை நானே எழுதிக்கொண்டுபோய்க் கையெழுத்துக்கு வைத்தேன். நான்கே வரிகள், அடைமொழி எதுவும் இல்லை. நிர்வாகப் பிரிவிலிருந்து உடனே திரும்பி வந்தது. என்னைப் பற்றிய வரிகள் சரியாம். நிறுவனத்தின் பெயருக்கு முன்னால் ‘முன்னணி’ விட்டுப்போயிருக்கிறதாம். அதைச் சேர்த்துக்கொண்டிருந்தபோது கோயம்புத்தூரிலிருந்து மின்னஞ்சல் வந்தது. பாமினியில்தான். மாற்றிப் படித்தேன்: அறிக்கை மிகச் சிறப்பு, கட்டணத்தை அனுப்பச் சொல்லிவிட்டோம், ஒரு சிறு திருத்தம் மட்டும். படத்தில் இருப்பது இடது கை.