நெஞ்சு வலியும் நிக்காத பீரியட்ஸும்

மார்ச் 3
இன்னைக்கு ஆறாவது நாள், இன்னும் குறையல. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட், கட்டி கட்டியா போகுது, ராத்திரி ரெண்டு தடவ எழுந்து மாத்துனேன். மாடிப்படி ஏறும்போது நடுநெஞ்ச யாரோ இறுக்கிப் புடிச்ச மாதிரி வலி, நின்னதும் சரியாச்சு. கேஸா இருக்கும்னு படுத்துட்டேன்.

மார்ச் 4
திரும்பவும் வலி, இந்த தடவ சும்மா உக்காந்திருக்கும்போதே, கூடவே படபடப்பு. அக்காவுக்கு போன் பண்ணேன், "நெஞ்சு வலின்னா யோசிக்கவே கூடாதுடி, கிளம்பு"ன்னு அவளே வந்து கூட்டிட்டுப் போனா. போனதும் ஈசிஜி, அப்புறம் ட்ரோபோனின்னு ரத்த டெஸ்ட், ஹார்ட் அட்டாக் இல்லைன்னாங்க. கால் வீங்கியிருக்கா, ஹார்மோன் மாத்திரை எதாவது சாப்பிடுறீங்களான்னும் கேட்டாங்க, ஏன்னா அந்த மாத்திரையால சில பேருக்கு கால்ல ரத்தம் உறைஞ்சு அது நுரையீரலுக்குப் போய் அடைச்சுக்குமாம். எனக்கு அதுவும் இல்ல. ஹீமோகுளோபின் 6.4. பொம்பளைங்களுக்கு 12க்கு மேல இருக்கணும்.

ராத்திரியே ரத்தம் ஏத்துனாங்க.

மார்ச் 5
டாக்டர் உக்காந்து பொறுமையா சொன்னாங்க. ஆக்ஸிஜன தூக்கிட்டுப் போறது ஹீமோகுளோபின்தான், அது கம்மியானா இதயம் வேகமா அடிச்சு ஈடுகட்டப் பாக்கும், ஆனா அந்த இதயத்தோட தசைக்கே ஆக்ஸிஜன் பத்தாமப் போகும், அதான் வலி. ரெண்டும் வேற வேற பிரச்சனைன்னு நினைச்சுட்டு இருந்தேன் நான்.

எத்தனை நாளா இப்படின்னு கேட்டாங்க. ரெண்டு வருஷம்னு சொல்லவே எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. எங்க அம்மாவுக்கும் இப்படித்தான், அதனால எங்க வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தான்னு விட்டுட்டேன். 80 மில்லிக்கு மேல போனா அதிகம்னு கணக்காம், யாரு அளந்து பாக்குறது? ஒரு மணி ரெண்டு மணிக்கே பேட் நனைஞ்சா, ஏழு நாளத் தாண்டினா, பெரிய கட்டியா வந்தா போய் காட்டணும், அவ்ளோதான்.

மார்ச் 9
ஸ்கேன்ல கர்ப்பப்பை உள்பக்கமா துருத்திட்டு ஒரு ஃபைப்ராய்டு, அதாவது தசைக்கட்டி, 3 சென்டிமீட்டர். தைராய்டு நார்மல். இது இல்லாம பாலிப்ங்கிற சின்ன சதை வளர்ச்சி, கர்ப்பப்பையோட உள்சவ்வு அதோட தசைக்குள்ளயே வளர்ற அடினோமயோசிஸ், முட்டை ஒழுங்கா வெளிய வராதது, காப்பர் டி, ரத்தம் உறையாம இருக்க சாப்பிடுற மாத்திரைன்னு நிறைய காரணம் இருக்காம். 45 வயசுக்கு மேலன்னா உள்சவ்வுல சின்ன துண்டு எடுத்து கேன்சர் இருக்கான்னும் பாப்பாங்க. எனக்கு ரத்தப்போக்கக் குறைக்க டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, அது குடுக்கும் முன்னாடியும் ரத்தம் உறைஞ்ச ஹிஸ்டரி இருக்கான்னு ஒருதடவ கேட்டுக்கிட்டாங்க. கூடவே இரும்புச்சத்து மாத்திரை.

மார்ச் 28
இந்த தடவ அஞ்சு நாள்ல நின்னுச்சு. மாத்திரையால மலம் கறுப்பா போகுது, மொதல்ல பயந்தேன், அது சகஜம்தானாம். ஃபைப்ராய்ட எடுக்க அடுத்த மாசம் தேதி குடுத்திருக்காங்க.

சாயங்காலம் அக்கா பேச்சுவாக்குல சொன்னா, அவ பொண்ணுக்கு வயசுக்கு வந்ததுல இருந்தே ஒவ்வொரு தடவையும் ஒன்பது நாளாம், மூக்குலயும் அடிக்கடி ரத்தம் வருமாம். நம்ம வீட்டுல எல்லாருக்கும் இப்படித்தானேன்னா. எனக்கு திக்குன்னு ஆச்சு. ரத்தம் உறையறதுலயே பிறவிக் குறை இருந்தா சின்ன வயசுலயே இப்படி வரும்னு டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்துச்சு. வியாழக்கிழமை அவள கூட்டிட்டுப் போறோம்.